சட்டத்தின் கையும் தனியாளின் விருப்பமும்

வீதியில் வண்டி செலுத்துவோர் இடப்புறமாகவே செல்ல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதைக் கொடுமை என்று எவரும் எண்ணுவதில்லை. வருமானத்தில் ஒரு பங்கை வரியாகச் செலுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முணுமுணுத்துக்கொண்டாயினும் பெரும்பாலோர் செலுத்திவிடுகின்றனர். பிறந்து மூன்று மாதமாகாத குழந்தையின் கையைக் கீறி அதில் மருந்து வைக்க வேண்டும், அதற்கு இணங்காத தகப்பன் குற்றப்பணங் கட்டவோ சிறை செல்லவோ வேண்டும் என்று சட்டம் சொன்னால் எப்படியிருக்கும்? அப்பொழுதுதான் மனிதர் சற்று நின்று, இவ்வாறு கட்டளையிடும் உரிமை அரசாங்கத்துக்கு எங்கிருந்து வந்தது என்று வினவுகின்றனர்.

மூன்றும் சட்டங்களே. மூன்றுக்கும் பின்னால் நிற்பதும் ஒன்றே. சட்டத்தை மீறியவன் குற்றப்பணங் கட்ட வேண்டும்; கட்டாவிடின் அவனுடைய பொருளைப் பறித்து விற்பர்; அதுவும் போதாவிடின் அவனையே பிடித்துக்கொண்டு போவர். எவ்வளவு சிறிய சட்டமாயினும் அதன் கடைசிப் படியில் ஒரு காவலாளன் நிற்கிறான். இவ்வுண்மையை மறந்துவிடாதீர்கள் என்று இடைவிடாது நினைவூட்டி வருபவர்களைத் தனியாள் சுதந்திரவாதிகள் என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் லிபட்டேரியன்கள் என்று இன்று வழங்கும் பெயர் இவர்களுக்குப் பிந்தி வந்தது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இவர்கள் தனியாள்வாதிகள் என்றே அறியப்பட்டனர். சட்டமே வேண்டாம் என்பது இவர்களுட் பெரும்பாலோரின் கருத்தன்று. கொலையையும் களவையும் மோசடியையும் தடுப்பதற்கு அரசாங்கம் தன் கையை ஓங்கலாம். ஒருவனை நல்லவனாக்குவதற்கோ, உடல்நலம் உள்ளவனாக்குவதற்கோ அதே கையை ஓங்கலாமா என்பதே இவர்கள் எழுப்பும் வினா.

கொடுங்கோன்மை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், செங்கோலை ஏந்திய மன்னன் குடிகளிடம் பொருள் கேட்பதை வழிப்பறிக்காரன் வேலை ஏந்திக் கேட்பதற்கு ஒப்பிட்டிருக்கிறார். அவர் முறைதவறிய அரசனைக் கருதியே அவ்வாறு கூறினார். மேலை நாட்டுத் தனியாள்வாதிகளோ அதே உவமையை எல்லா அரசுகளுக்கும் பொதுவாக்கி விடுகின்றனர். இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டால் அவர்கள் கொள்கையின் வலிவும் மெலிவும் ஓரளவு விளங்கிவிடும்.

இக்கொள்கைக்கு மிகத் தெளிவான வடிவங் கொடுத்தவர் ஜோன் ஸ்டூவர்ட் மில் என்னும் ஆங்கில அறிஞர். சுதந்திரத்தைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1859ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாக வற்புறுத்துவதற்குச் சமுதாயத்துக்கு ஒரேயொரு நியாயமே உண்டு, அது மற்றவர்களுக்கு நேரக்கூடிய தீங்கைத் தடுப்பது என்பது அந்நூலின் சாரம். அவனுடைய சொந்த நன்மைக்காக அவனோடு வாதாடலாம், இரந்து கேட்கலாம், எச்சரிக்கலாம், வற்புறுத்தல் ஆகாது. நஞ்சை விற்பவன் அது நஞ்சு என்று புட்டியில் எழுதி ஒட்ட வேண்டுமென்று சட்டஞ் செய்யலாம்; வாங்குபவனைத் தடுக்கலாகாது. இடிந்து விழும் நிலையிலுள்ள பாலத்தில் ஒருவன் அறியாமற் கால் வைக்கப் போனால் அவனைப் பிடித்திழுக்கலாம். ஏனெனில் ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்று.

இத்துணை தெளிவாக எழுதிய மில், தம் கொள்கை குழந்தைகளுக்குப் பொருந்தாது என்றும் எழுதினார். அதில் வியப்பில்லை. ஆனால் முன்னேற்றமடையாதன என்று அவர் கருதிய சமுதாயங்களுக்கும் அது பொருந்தாது என்றார். அவர் 1823 முதல் 1858 வரை இலண்டனிற் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்திற் பணிபுரிந்து, இந்தியாவின் ஆட்சி பற்றிய கடிதங்களை வரைந்து வந்தவர். ஆளுவோர் பக்கத்தில் அமர்ந்து எழுதியவரின் பேனா அவ்விடத்திற் சற்று வளைந்துவிட்டது என்று ஆசிய நாட்டு வாசகர் கருதினால் அது குறைகூறலாகாது.

மில்லுக்குப் பின் வந்த ஹேபேட் ஸ்பென்சர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஒவ்வொருவனும், மற்றெவனுடைய சமமான சுதந்திரத்தையும் கெடுக்காதவரை, தான் விரும்பியதைச் செய்யலாம் என்பது அவர் வகுத்த விதி. தனியாளை ஒரு பக்கத்திலும் அரசை எதிர்ப் பக்கத்திலும் நிறுத்திப் பேசும் அவருடைய நூல் 1884இல் வெளியாயிற்று. முன்னாளில் மன்னர்களின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்தது போல இனிப் பாராளுமன்றங்களின் அதிகாரத்துக்கு எல்லை வகுக்க வேண்டும் என்று அதில் வாதாடினார். அவருடைய வழியைப் பின்பற்றிய ஓபரன் ஹேபேட் என்பவர் வரியைக்கூடக் குடிகள் தாமாக மனமுவந்து கொடுக்க வேண்டுமேயன்றி அரசாங்கம் வாங்கலாகாது என்று எழுதும் அளவுக்குப் போனார். அவ்வாறு நடக்கும் ஓர் அரசாங்கத்தை உலகம் இன்னும் காணவில்லை.

நூல்களில் அழகாக நிற்கும் ஒரு கொள்கை நாட்டு வழக்கில் எப்படி நிற்கும் என்று பார்ப்பதற்கு, அதே காலத்தில் அதே இங்கிலாந்தில் எழுந்த ஒரு பெரும் பிணக்கை எடுத்துக்கொள்ளலாம். குழந்தையின் கையைக் கீறச் சொன்ன சட்டம் என்று தொடக்கத்திற் கூறியது கற்பனையன்று. பெரியம்மைக்கு எதிராக அம்மைப்பால் கட்டுவதைக் கட்டாயமாக்கிய சட்டமே அது.

எட்வேட் ஜென்னர் என்னும் வைத்தியர் 1796ஆம் ஆண்டு மே மாதத்தில், பசுவம்மை கண்ட பாற்காரப் பெண்ணொருத்தியின் கைக்கொப்புளத்திலிருந்து நீரை எடுத்து ஒரு சிறுவனின் கையில் ஏற்றினார். பின்னர் அச்சிறுவனுக்குப் பெரியம்மை நீரை ஏற்றியபோதும் அவனுக்கு நோய் வரவில்லை. இதை அவர் 1798இல் நூலாக வெளியிட்டார். மனிதகுலத்தின் மிகக் கொடிய பகைகளுள் ஒன்றுக்கு மாற்றுக் கிடைத்துவிட்டது. 1840இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் வறியவர்களுக்கு இலவசமாக அம்மைப்பால் கட்ட ஏற்பாடு செய்தது. வந்தவர்களுக்குக் கட்டினார்கள், வராதவர்களை ஒருவரும் தேடிச் செல்லவில்லை. 1853இல் நிலைமை மாறியது. குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் அம்மைப்பால் கட்டுவியாத பெற்றோருக்கு ஒரு பவுண் வரை குற்றப்பணம் விதிக்கலாம் என்று புதிய சட்டம் வந்தது. 1867இல் வந்த சட்டம் இன்னும் கடுமையானது. ஒருமுறை குற்றப்பணங் கட்டியவனை அதே குழந்தைக்காக மீண்டும் மீண்டும் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்றாயிற்று. 1871இல், இதைக் கண்காணிக்கத் தனி உத்தியோகத்தரை நியமிப்பதும் ஒவ்வோர் ஊர்ச் சபைக்கும் கடமையாக்கப்பட்டது.

அக்காலத்து அம்மைப்பால் கட்டுதல் இக்காலத்து ஊசியைப் போன்றதன்று. கூரிய சத்திரக் கத்தியாற் குழந்தையின் கையிற் பல இடங்களிற் கீறி, வேறொரு குழந்தையின் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை அதில் வைப்பர். எட்டாம் நாள் தாய் அக்குழந்தையைத் திரும்பவுங் கொண்டுவர வேண்டும். அப்பொழுது இதன் கொப்புளத்தைத் திறந்து நீரெடுத்து அடுத்த குழந்தைகளுக்கு வைப்பர். இவ்வாறு நீரெடுக்க விடாத தாயும் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றவாளியாவாள். கைக்குக் கை மாறிய அந்த நீரோடு சில வேளைகளில் வேறு நோய்களும் மாறின என்பதைப் பிற்காலத்து விசாரணைகள் ஒப்புக்கொண்டன. செல்வர் வீட்டுக்குக் குடும்ப வைத்தியர் வருவார். அவர் நல்ல நீரைத் தேர்ந்து மெல்லக் கீறிச் செல்வார். வறியவரோ பொது நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். குற்றப்பணமும் அப்படியே. ஒரு பவுண் என்பது செல்வனுக்கு ஒருவேளை விருந்தின் செலவு; கூலியாளுக்கோ அது ஒரு வாரச் சம்பளத்தை விழுங்கும் தொகை. அதைக் கட்டமாட்டாதவனின் மேசையையும் கட்டிலையும் ஏலம் போட்டார்கள்.

இங்கே தனியாள்வாதிகளின் பேச்சு வெறும் வாய்ப்பேச்சாக நிற்கவில்லை. சட்டம் எல்லாருக்கும் பொது என்று எழுதப்பட்டிருந்தாலும் அதன் பாரம் எல்லார் தோளிலும் ஒரே அளவாக இறங்குவதில்லை என்பதை அவர்கள் வெளிப்படையாக எடுத்துக்காட்டினர். இதைச் சொல்வதற்கு ஸ்பென்சரின் நூலைப் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. எதிர்த்து நின்றவர்களுட் பெரும்பாலோர் நெசவாலைத் தொழிலாளரும் சப்பாத்துத் தைப்போரும் அவர்களுடைய மனைவியருமே ஆவர். யோர்க்ஷயரிலுள்ள கீத்லி என்னும் ஊரில் இச்சட்டத்தை நடத்த வேண்டிய சபையின் உறுப்பினர் எழுவர், நடத்த மறுத்து, 1876இல் யோர்க் கோட்டைச் சிறைக்குச் சென்றனர். ஊரவர் அவர்களை வீரரைப் போலக் கொண்டாடினர்.

லெஸ்டர் நகரிலேதான் எதிர்ப்பு உச்சம் அடைந்தது. 1871, 1872ஆம் ஆண்டுகளிற் பெரியம்மை இங்கிலாந்தையும் வேல்சையும் உலுக்கி ஏறத்தாழ 42,000 பேரைக் கொண்டு சென்றபோது, அம்மைப்பால் கட்டியவர்களுட் சிலரும் மாண்டனர். குழந்தையில் ஒருமுறை கட்டிய பாதுகாப்பு வாழ்நாள் முழுவதும் நில்லாது, சில ஆண்டுகளின் பின் மீண்டுங் கட்ட வேண்டும் என்பதைச் சட்டஞ் செய்தோர் மக்களுக்கு விளங்கச் சொல்லவில்லை. ஆகவே கட்டாயப்படுத்திச் செய்வித்த காரியம் பயனற்றது என்று லெஸ்டர் மக்கள் முடிவு செய்தனர். ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள் குவிந்தன. 1885ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23ஆம் திகதி பல்லாயிரவர் கொடிகளோடு ஊர்வலம் போயினர். குழந்தையின் சவப்பெட்டியொன்றையும் ஜென்னரின் உருவப் பொம்மையையும் அவ்வூர்வலத்திற் சுமந்து சென்றனர்.

லெஸ்டர் நகரத்தார் எதிர்த்ததோடு நின்றுவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நோய் கண்டவரை உடனே அறிவித்தல், மருத்துவமனையில் ஒதுக்கி வைத்தல், அவரோடு பழகியவர்களைச் சில நாள் தனிமைப்படுத்தல், வீட்டையுந் துணியையும் நோய்நுண்மம் அகலச் சுத்திகரித்தல் என்று ஒரு முறையை வகுத்தனர். தனிமையில் இருந்தோருக்கு இழந்த கூலிக்கு ஈடும் கொடுத்தனர். அம்முறை நன்றாகவே வேலை செய்தது. ஆயினும் இதில் இரண்டு செய்திகளை அந்நகரத்தின் புகழ் பாடுவோர் மெல்ல விட்டுவிடுவதுண்டு. நோயாளரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியருட் பெரும்பாலோர் அம்மைப்பால் கட்டிக்கொண்டவர்கள். மேலும், ஒருவனை வீட்டிலிருந்து அகற்றி மருத்துவமனையில் வைப்பதும், அவன் அயலாரை வாசலைத் தாண்டாமற் காப்பதும் வற்புறுத்தல் அன்றி வேறென்ன? கத்தியை மறுத்தவர்கள் பூட்டை ஏற்றுக்கொண்டனர். தொற்றுநோயின் முன்னால், எந்தக் கட்டாயமும் இன்றி வாழ்வது என்ற தெரிவு எவருக்கும் இருக்கவில்லை. எந்தக் கட்டாயம் என்ற தெரிவே இருந்தது.

லெஸ்டரின் துணிவைப் பார்த்து, அதன் உழைப்பைப் பின்பற்றாத ஊர்களும் இருந்தன. குளோஸ்டர் அவற்றுள் ஒன்று. ஜென்னர் பிறந்ததும் வைத்தியஞ் செய்ததும் அந்நகரத்துக்கு அண்மையிலேயே. அங்கும் சட்டத்தை நடத்துவதை நிறுத்திவிட்டனர்; குழந்தைகளுட் பெரும்பகுதியினர் அம்மைப்பால் இன்றி வளர்ந்தனர். நோயாளரை ஒதுக்கி வைக்கப் போதிய இடமோ ஆயத்தமோ அங்கு இருக்கவில்லை. 1895இல் நுழைந்த பெரியம்மை 1896இற் பாடசாலைகளிற் பரவியது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேரைப் பிடித்தது. 434 பேர் மாண்டனர். மாண்டவருட் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வயது நிரம்பாத குழந்தைகள். நோய் உச்சத்திலிருந்தபோது அதுவரை மறுத்திருந்த அதே மக்கள் அம்மைப்பால் கட்டுவிக்க ஆயிரக்கணக்கில் திரண்டனர்.

தனியாளின் தெரிவு என்னுங் கொள்கை தடுமாறும் இடம் இதுதான். தெரிவு செய்தவன் தகப்பன். அதன் விளைவை அனுபவித்தது குழந்தை. தகப்பன் தன் உடலைப் பற்றி முடிவு செய்யட்டும், தன் குழந்தையின் உடலைப் பற்றி முடிவு செய்யும் உரிமை அவனுக்கு எந்த அளவுக்கு உண்டு? மில்லின் நூலில் இதற்கு விடையுண்டு. பெற்றோரின் சுதந்திரம் என்ற பெயரிற் குழந்தைக்கு நேரும் தீங்கை அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குக் கல்வி அளிக்கத் தகப்பனைக் கட்டாயப்படுத்தலாம் என்று அவர் தெளிவாகவே எழுதினார். ஸ்பென்சரின் வழியிற் சென்றோரிடம் இதற்கு நேரான விடை இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதையும் அப்படியே. இவன் வீட்டு நோய் அங்கே போவதற்கு முன் இவனைத் தடுக்கலாமா, போன பின்புதான் கேட்கலாமா? களவைப் போலவோ அடியைப் போலவோ தொற்றுநோய் தன்னைச் செய்தவன் இன்னான் என்று காட்டிக்கொடுப்பதில்லை. தீங்கு நேர்ந்த பின் நியாயங் கேட்க ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது.

இவ்விரு பக்கத்தையும் விசாரிக்க 1889இல் நியமிக்கப்பட்ட அரச ஆணைக்குழு ஏழு ஆண்டுகள் சாட்சியங் கேட்டது. உயிரினங்கள் இயற்கைத் தேர்வினால் மாற்றமடைவதை டார்வினோடு ஒருங்கே கண்டறிந்த அல்பிரட் ரஸ்ஸல் வொலஸ் அதன்முன் எதிர்ப்பாளர் பக்கத்திற் சாட்சி கூறினார். அவர் தனியாள்வாதியல்லர், சமதர்மவாதி. கட்டாயத்தை வெறுப்பது ஒரு கட்சியாருக்கு மட்டுமே உரிய குணமன்று போலும். அம்மைப்பால் பயனுள்ளதே என்று முடிவு செய்த ஆணைக்குழு, மீண்டும் மீண்டுந் தண்டிக்கும் முறையை ஒழிக்கச் சொல்லியது. அதன்படி 1898இல் வந்த சட்டத்தில் ஒரு புதிய ஏற்பாடு புகுந்தது. அம்மைப்பால் தன் குழந்தைக்குக் கேடு செய்யும் என்று மனச்சாட்சிப்படி நம்பும் பெற்றோர் இரண்டு நீதவான்களின் முன் அதை மெய்ப்பித்தால் விலக்குச் சான்றிதழ் பெறலாம். குழந்தைக்குக் குழந்தை மாறிய நீருக்குப் பதிலாகக் கன்றிலிருந்து எடுத்த நீரைப் பயன்படுத்தவும், வைத்தியர் வீட்டுக்கே வந்து கட்டவும் அச்சட்டம் வழி செய்தது. எதிர்ப்பு எழாதிருந்தால் இத்திருத்தங்கள் எப்பொழுது வந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை.

அவ்வாண்டு முடிவதற்குள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. ஆயினும் மனச்சாட்சியை நீதவான் எவ்வாறு அளப்பது? சிலர் மனுதாரரை ஏளனஞ் செய்து திருப்பி அனுப்பினர். வேறு சிலர் தாயின் சொல்லை ஏற்காமல் தகப்பனே வர வேண்டுமென்றனர். ஆகவே 1907இல், நேரே ஒரு சத்தியக் கூற்றை எழுதிக் கொடுத்தாற் போதும் என்று சட்டம் இளகியது. இந்த இளக்கத்தின் பயன் அம்மையோடு முடியவில்லை. மனச்சாட்சியின் பேரால் மறுப்பவன் என்னுந் தொடர் ஆங்கில மக்கள் வாயில் இவ்வாறே பழகியது. 1916இல், முதலாம் உலகப் போரின் நடுவே, இங்கிலாந்து கட்டாயப் படைச்சேவையைக் கொண்டுவந்தபோது அதே தொடரும் அதே ஏற்பாடும் அச்சட்டத்திலும் இடம்பெற்றன. குழந்தையின் கையைக் காக்க எழுந்த ஒரு சொல், துப்பாக்கி ஏந்த மறுத்த ஏறத்தாழ 16,000 இளைஞருக்குப் பற்றுக்கோடாயிற்று. அவர்களுட் பலர் சிறை சென்றனர் என்பதையுஞ் சொல்ல வேண்டும்.

இதே வழக்கு அமெரிக்காவுக்குப் போனபோது வேறொரு பாதையில் நடந்தது. அப்பாதையின் முடிவு அச்சந் தருவது. மசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகரில் 1902இல் பெரியம்மை பரவியபோது, வளர்ந்தோர் யாவரும் அம்மைப்பால் கட்ட வேண்டும் என்று நகரச் சுகாதார சபை ஆணையிட்டது. ஹென்னிங் ஜேக்கப்சன் என்னும் சுவீடன் தேசத்துப் போதகர், சிறு வயதிற் கட்டியபோது தாம் மிகவுந் துன்புற்றதாகச் சொல்லி மறுத்தார். குற்றப்பணம் ஐந்து டொலர். அந்த ஐந்து டொலர் வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1905இல் எழுவர் ஒரு பக்கமும் இருவர் மறு பக்கமுமாக அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. சமுதாயமாக வாழ்வோர் அதன் பாதுகாப்புக்காகச் சில கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டும் என்றார் நீதியரசர் ஹார்லன். எனினும் அத்தீர்ப்பு அளவோடு நின்றது. ஆபத்து மெய்யாக இருக்க வேண்டும், ஆணை நியாயமாக இருக்க வேண்டும், உடல் ஏலாதவனை வற்புறுத்தலாகாது என்று அது எல்லைகளையுங் குறித்தது. ஜேக்கப்சனைப் பிடித்துக் கட்டிவைத்து மருந்தேற்றலாம் என்று அது சொல்லவில்லை. குற்றப்பணம் வாங்கலாம் என்றது.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. வேர்ஜினியா மாநிலம் 1924இல் ஒரு சட்டஞ் செய்திருந்தது. அறிவுக்குறைபாடு உடையோர் என்று அரசாங்க விடுதிகளில் வைக்கப்பட்டோரைப் பிள்ளைப்பேறு இல்லாதவாறு சத்திரசிகிச்சை செய்யலாம் என்பது அதன் ஏற்பாடு. கெரி பக் என்னும் இளம்பெண்ணின் மீது அதைச் சோதித்துப் பார்த்தனர். வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1927இல், ஒருவர் தவிர எல்லா நீதியரசர்களும் சட்டம் செல்லும் என்றனர். தீர்ப்பெழுதிய ஹோம்ஸ், அதற்கு ஆதாரமாகக் காட்டிய ஒரேயொரு முன் தீர்ப்பு ஜேக்கப்சனின் அம்மைப்பால் வழக்கே. கையைக் கீறலாம் என்று ஒப்புக்கொண்ட கொள்கை வயிற்றைக் கீறவும் இடந் தரும் என்பது அவர் கொண்ட முடிவு. இதே ஹோம்ஸ்தான் 1905இல் ரொட்டிச்சாலைத் தொழிலாளரின் வேலைநேர வழக்கில், அமெரிக்க அரசியலமைப்பு ஸ்பென்சரின் நூலைச் சட்டமாக்கவில்லை என்று எழுதிப் பலரின் பாராட்டைப் பெற்றவர். அவ்விடத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது. தொழிலாளியை நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதைத் தடுக்கும் சட்டமும், ஒரு பெண்ணின் தாய்மையை அறுக்கும் சட்டமும் அவர் கண்ணுக்கு ஒரே தன்மையவாகத் தோன்றியதுதான் கேடு.

கெரி பக் அறிவுக் குறைவுடையவள் அல்லள் என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் நிறுவினர். அவளை வளர்த்த குடும்பத்தின் உறவினன் ஒருவனாற் பலாத்காரம் செய்யப்பட்டுக் கருவுற்றவள் அவள். அதை மறைக்கவே விடுதிக்கு அனுப்பப்பட்டாள். மந்தபுத்தியுள்ளதென்று தீர்ப்பிலே குறிக்கப்பட்ட அவளுடைய மகள் பாடசாலையிற் சிறந்த மாணவர் வரிசையில் இடம்பெற்று, எட்டு வயதில் நோய்வாய்ப்பட்டு இறந்தாள். வேர்ஜினியாவில் மட்டும் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் அச்சட்டத்தின்கீழ் இவ்வாறு செய்யப்பட்டனர். சட்டம் 1974இல் நீக்கப்பட்டது. ஆளுநரின் மன்னிப்பு 2002இல் வந்தது.

அரசாங்கத்துக்கு ஒருமுறை கொடுத்த அதிகாரம் கொடுத்த இடத்தில் நில்லாது என்று தனியாள்வாதிகள் சொல்லும்போது இக்கதையை நினைத்தே சொல்கின்றனர். அவ்வச்சத்தை வீணச்சம் என்று தள்ளுவது கடினம். சட்டம் எல்லாருக்கும் பொதுவானதாகவும் முன்கூட்டியே அறியத்தக்கதாகவும் இருந்தால் அது சுதந்திரத்தைக் கெடுக்காது என்று ஹாயெக் 1960இல் வெளியிட்ட பெருநூலில் வாதிட்டார். சிறந்த அளவுகோலே. வேர்ஜினியாச் சட்டம் அந்த அளவுகோலில் உடனே தோற்றுவிடும். அது விடுதியில் அடைபட்டோரை மட்டுமே குறிவைத்தது. ஆனால் 1867ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் எல்லாருக்கும் பொது, எல்லாரும் அறிந்தது, அப்படியிருந்தும் கூலியாளின் கட்டிலை ஏலத்துக்குக் கொண்டுபோனது. ஆகவே சட்டத்தின் வாசகத்தை மட்டும் பார்த்தாற் போதாது, அதன் கடைசிப் படியில் நிற்கும் காவலாளன் எவனுடைய வாசலிற் போய் நிற்கிறான் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்திற் கட்டாயச் சட்டம், தேசிய சுகாதார சேவை 1948இல் தொடங்கியபோது முற்றாக நீங்கியது. பெரியம்மையை உலகிலிருந்தே ஒழிக்க உலக சுகாதார நிறுவனம் 1967இல் தீவிரமாகத் தொடங்கிய முயற்சி, ஜென்னரின் மருந்தையும் லெஸ்டரின் முறையையும் ஒன்றாக இணைத்தது எனலாம். நோயாளரைத் தேடிக் கண்டு ஒதுக்கி வைத்து, அவரைச் சூழ்ந்தோருக்கெல்லாம் அம்மைப்பால் கட்டினர். தெற்காசியாவிற் சில இடங்களில் மறுத்தவர்களைப் பிடித்து வைத்து ஏற்றியதும் உண்டு. 1980ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நோய் உலகைவிட்டு நீங்கியது என்று அறிவிக்கப்பட்டது.

இயற்கையாகப் பரவிய பெரியம்மை கடைசியாகத் தீண்டியவர் சோமாலியாவில் மேர்க்கா நகரத்து மருத்துவமனையிற் சமையல் வேலை பார்த்த அலி மாவ் மாலின் என்னும் இளைஞர். நோய் கண்ட இரு குழந்தைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழி காட்டுவதற்காக 1977 ஒக்டோபரிற் சில நிமிடம் அதில் ஏறினார், அவ்வளவே. மருத்துவமனையில் இருந்தும் அவர் அம்மைப்பால் கட்டிக்கொள்ளாமல் தப்பித்து வந்திருந்தார். ஊசி நோகும் என்று அஞ்சியதே காரணம் என்று பின்னாளில் அவரே சொன்னார். அவருக்கு நோய் கண்டதும் நகரத்தின் வழிகளிற் காவல் போட்டு, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அம்மைப்பால் கட்டினர். மாலின் பிழைத்துக்கொண்டார். பல ஆண்டுகளின் பின், இளம்பிள்ளைவாதத் தடுப்புச் சொட்டு மருந்து கொடுக்கும் இயக்கத்திற் சேர்ந்து, தன் நாட்டுத் தாய்மாரிடம் ஊரூராகச் சென்று தம் கதையைச் சொல்லி, பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்குமாறு கேட்டு வந்தார். அந்தப் பணியில் இருக்கும்போதே 2013இற் காலமானார்.